கருப்புத் தண்ணீருக்குத் தெற்கே நாலு நாள்

ஜனவரி 18, சனி: கோவளம் – மாமல்லபுரம்

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்பக்க ஜன்னலை நாங்கள் திறப்பதே இல்லை. திறந்தால் பக்கிங்காம் கால்வாய். பறக்கும் ரயிலின் தூண்கள் உள்ளேயே இறங்கி நிற்க, அடைமழையில்கூட நிறம் மாறாத அந்தக் கருப்புத் தண்ணீர்தான் கால்வாய் என்று என் பிள்ளைகள் நினைத்து வளர்ந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். பொங்கலுக்கு வந்த சித்தப்பாதான், "தெக்குப் பக்கம் நீ பாத்ததே இல்லியா பாப்பா? மரக்காணம் வரைக்கும் போவுது அது. அந்தக் காலத்துல கரைமேலயே சைக்கிள்ல போயிருக்கேன்" என்றார். அவருக்கு இப்போது வயது அறுபத்தாறு. இரண்டு சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றி, இன்று விடிவதற்குள் கோவளத்தில் இறங்கிவிட்டோம்.

கேளம்பாக்கம் போகும் சாலையில், உப்பங்கழிக்கு மேலே இருக்கும் பாலத்தில் சைக்கிளைச் சாய்த்தபோது ஆறே முக்கால் மணி இருக்கும். பனி இன்னும் கலையவில்லை. தண்ணீர் எங்கே முடிகிறது, உப்பளம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. தூரத்தில் வெளுப்பாக ஒரு திட்டு. உப்புப் படிந்த மேடு என்று நினைத்தேன். மேடு நகர்ந்தது. பூநாரைகள்! சித்தப்பா விரலால் எண்ணிக்கொண்டே வந்து நூற்று நாற்பதில் கணக்கை விட்டுவிட்டார். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் விட்டு, கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கி, நின்ற இடத்திலேயே மெல்ல வட்டமடித்து மேய்கின்றன. ஒன்று சிறகை விரித்தது. உள்ளே அடித்த சிவப்பைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் வீட்டுப் பின்னால் ஓடுகிற அதே கால்வாயின் தண்ணீர் இது. சைக்கிளில் இரண்டு மூன்று மணி நேரத் தூரம்தான்.

1806-இல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்கார வியாபாரி சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டிய சொந்தக் கால்வாயிலிருந்துதான் இதன் கதை தொடங்குகிறது. 1837-இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கேயும் தெற்கேயும் நீண்டு, ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை ஏறக்குறைய 420 கிலோமீட்டர் ஆயிற்று. அதில் 163 கிலோமீட்டர் தமிழ்நாட்டில். உப்பு, விறகு, அரிசி, சவுக்குக் கட்டை என்று சென்னைக்கு வேண்டியதெல்லாம் இதில் படகேறி வந்தது. நகரத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டை 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்கள் வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர்தான் மொத்தக் கால்வாய்க்கும் ஒட்டிக்கொண்டது. பசியோடு மண் சுமந்தவர்கள் வெட்டிய பகுதிதான் என் ஜன்னலுக்குக் கீழே இருப்பது. இன்று காலை வரை அதை அப்படி யோசித்ததில்லை.

பாலத்துக்குத் தெற்கே நெம்மேலி பக்கம் வரும்போது, கரையை ஒட்டி நாலைந்து பெண்கள் மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்த வாக்கில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். இருளர்கள். ஒவ்வொருவர் வாயிலும் பனையோலைப் பறிக்கூடை. பல்லில் கடித்தபடி தொங்குகிறது. இரண்டு கைகளும் தண்ணீருக்கடியில் சேற்றைத் துழாவுகின்றன. சட்டென்று ஒரு கை மேலே வரும். விரலிடுக்கில் இறால் துள்ளும். பறிக்குள் போட்டுவிட்டு மறுபடியும் கை உள்ளே. வாயில் பறி இருப்பதால் பேச வழியில்லை. அருகில் வந்தவரிடம் நான் ஏதோ கேட்க, கண்ணாலேயே 'இரு' என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். கால் மணி நேரம் கழித்துக் கரையேறினார். விரல் நுனியெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது.

"வலை இல்லாமயேவாம்மா?"

"வலைக்குப் போற காசுக்கு எங்க போறது? கைக்குத் தெரியும். சேத்துல ஒண்டியிருக்கும், தொட்டதும் பின்னால துள்ளும். துள்ற பக்கத்துல இன்னொரு கை இருக்கணும்."

அரைக் கிலோ 150 ரூபாய்க்குக் கொடுத்தார். நான் இருநூறாக நீட்டியதற்கு ஐம்பதைத் திருப்பித் தந்துவிட்டு, ஒரு கைப்பிடி சின்ன இறாலைக் கொசுறாகப் போட்டார். சாலையோர மெஸ்ஸில் இருந்த அக்கா ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு மிளகும் பூண்டும் போட்டு வறுத்துத் தந்தார். சித்தப்பா மூன்று முறை சோறு வாங்கினார்.

மாமல்லபுரத்தில் அறை. வார இறுதி என்று விலையை ஏற்றிச் சொன்னார்கள், 1,800. எல்லாரும் கடற்கரைக் கோயிலுக்குப் போக, நாங்கள் ஊருக்கு மேற்கே, திருக்கழுக்குன்றம் சாலைப் பாலத்துக்குப் போனோம். ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஆணி அடித்தாற்போல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கல்லாய் விழுந்து, வெறும் அலகோடு எழுந்தது. ஆறு தடவை விழுந்தது. ஏழாவது தடவை வெள்ளியாக ஏதோ மின்னியது. இருட்டிவிட்டதால் என்ன மீன் என்று தெரியவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு: சதுரங்கப்பட்டினம், பாலாறு, கூவத்தூர்

இன்று உடம்பு முழுக்க வலி. காலையிலிருந்தே தூறல். தை மாசத்து மழையை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. குடையும் இல்லை.

செல்போன் வரைபடம் கரையோரம் ஒரு பாதை காட்டியது. ஒன்றரைக் கிலோமீட்டர் வரை பாதை இருந்தது, பிறகு சீமைக்கருவேலம் மட்டும் இருந்தது. திரும்பிப் போக மனமில்லாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே புகுந்தோம். முன்சக்கரத்தில் இரண்டு முள், பின்சக்கரத்தில் மூன்று. சித்தப்பாவின் சைக்கிள் தப்பித்தது. குறுக்கே ஒரு ஓடை. கணுக்கால் ஆழம்தான் என்று கால் வைத்தேன். முழங்கால் வரை இழுத்துக்கொண்டது. காலை உருவ முடிந்தது, ஷூவை உருவ முடியவில்லை. சித்தப்பா கரையில் படுத்துக் கையை விட்டுத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில்தான் அந்தச் சேற்றை ஒழுங்காகப் பார்த்தேன். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இது கடலோடு ஏறி இறங்கும் கால்வாய், நாளுக்கு இரண்டு முறை மூச்சு விடுகிறது. வடிந்த சேற்றில் குத்தூசியால் குத்தினாற்போல் ஆயிரம் ஓட்டைகள். நாங்கள் அசையாமல் இருந்ததும் ஒவ்வொரு ஓட்டையிலிருந்தும் ஒரு நண்டு வெளியே வந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான். ஆணுக்கு மட்டும் ஒரு கொடுக்கு உடம்பைவிடப் பெரிது, மற்றது சின்னது. சின்னக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாயில் வைத்துச் சலித்து, மிச்சத்தைக் கடுகு உருண்டையாக உருட்டிக் கீழே வைக்கிறது. பெரிய கொடுக்கை மேலே தூக்கித் தூக்கி இறக்குகிறது, யாரையோ கூப்பிடுகிற மாதிரி. பெண்ணைக் கூப்பிடத்தான். சேறு முழுக்க ஆயிரம் கைகள் ஒன்றாக ஏறி இறங்கின. நான் தும்மினேன். ஒரு நொடியில் அத்தனையும் மறைந்து வெறும் சேறு.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு தம்பிதான் எங்களைச் சாலைக்குக் கூட்டிவந்தான். என் ஒற்றைக் கால் ஷூவைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், தன் ரப்பர் செருப்பைக் கழற்றி முன்னால் வைத்தான். எவ்வளவு சொல்லியும் திரும்ப வாங்கவில்லை. "எனக்கு முள்ளு பழக்கம்க்கா" என்றான். காசும் வாங்கவில்லை. அந்தச் செருப்போடுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, பஞ்சர் கடை எதுவும் திறந்திருக்கவில்லை. ஒரு பெரியவர் வீட்டுத் திண்ணையிலேயே வாளித் தண்ணீர் வைத்து ஐந்து ஓட்டையையும் கண்டுபிடித்து ஒட்டினார். நூறு ரூபாய். அவர் ஒட்டி முடிக்கும்வரை அவர் மருமகள் எங்களைச் சாப்பிட வைத்துவிட்டார்: சூடான இட்லி, நேற்றைய மீன் குழம்பு. மழையில் நனைந்து வந்த வயிற்றுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை இருக்கிறது. உள்ளே கல்லறைகளின் மேல் மண்டை ஓடும் கப்பலும் செதுக்கியிருக்கிறார்கள். 1782-இல் இந்த ஊருக்கு நேரே கடலில் ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. நாங்கள் பத்து நிமிஷம்தான் இருந்தோம், சித்தப்பாவுக்குக் குளிர் எடுத்துவிட்டது.

பாலாற்றில் தண்ணீர் ஓடியது. இதை நான் இரண்டு முறை எழுதலாம். மணலாக மட்டுமே நான் பார்த்த ஆறு, பாலத்துக்குக் கீழே கலங்கி, அகலமாகக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது கொட்டிய மழையின் மிச்சம் இன்னும் ஏரிகளிலிருந்து வடிகிறது என்று பாலத்தில் நின்றவர் ஒருவர் சொன்னார். மஞ்சள் மூக்கு நாரைகள் வரிசையாக நின்று, அலகைப் பாதி திறந்து தண்ணீரில் இடமும் வலமும் வீசிக்கொண்டே நடந்தன. கதிர் அறுக்கிறவர்கள் வரிசை போட்டு நடப்பது போலவே இருந்தது.

கூவத்தூரில் ஒரு விடுதி. வெந்நீர் உண்டு என்றார்கள், வரவில்லை. கேட்டபோது, "காலையில வரும் மேடம்" என்று பதில்.

ஜனவரி 20, திங்கள்: ஓடியூர் கழி, ஆலம்பரை

காலையிலும் வெந்நீர் வரவில்லை. வானம் மட்டும் வெளுத்துவிட்டது. நேற்றைய மழை கழுவிவிட்ட வெயில்.

வழியெல்லாம் பனங்கிழங்கு. வேகவைத்துப் பத்துப் பத்தாகக் கட்டி விற்கிறார்கள், கட்டு ஐம்பது ரூபாய். ஒரு கட்டு வாங்கி, நாரை உரித்து, உப்பு மிளகோடு தின்றுகொண்டே முதலியார்குப்பம் வந்தோம். இங்கே கால்வாய் தன் கரைகளை மறந்துவிடுகிறது. ஓடியூர் கழியில் கலந்து, கண்ணுக்கெட்டிய தூரம் ஆழமில்லாத ஒரே நீர்ப்பரப்பு. சுற்றுலாப் படகுத்துறை ஒன்று இருக்கிறது. மோட்டார் சத்தத்துக்குப் பறவைகள் எழுந்து எழுந்து தள்ளிப் போய் உட்காருவதைப் பார்த்ததால் நாங்கள் படகு ஏறவில்லை. கரையிலேயே உட்கார்ந்தோம். கூழைக்கடாக்கள் நாலு சேர்ந்து மீனை வளைத்துக் கரைப்பக்கம் ஓட்டி வந்தன, அவற்றுக்குப் பின்னாலேயே சின்னக் கொக்குகள் ஓசியில் பங்குக்கு வந்தன. செம்பருந்து ஒன்று மேலே சுற்றியது. சித்தப்பா பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கடப்பாக்கத்தில் மதியச் சாப்பாடு. மடவை மீன் குழம்பு, வாழை இலை, 130 ரூபாய். "கடல் மீனா, கழி மீனா?" என்று சித்தப்பா கேட்டதும் கடைக்காரம்மாவின் முகமே மலர்ந்துவிட்டது. "கழி மீனுதான் ஐயா. கால்வாயில புடிச்சது. கேக்கத் தெரிஞ்சவருக்கு இன்னொரு துண்டு" என்று வைத்தார். மடவைக்கு ஒரு மண்வாசனை உண்டு. சிலருக்கு அது ஆகாது, எனக்கு அதுதான் பிடித்தது.

ஆலம்பரைக் கோட்டையில் செங்கல்லும் சுண்ணாம்பும்தான் மிச்சம். 1750-இல் பிரெஞ்சுக்காரர் டூப்ளே கைக்கு வந்தது. பத்தே வருஷத்தில், 1760-இல், ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். இடிந்த சுவரின் மேல் ஏறினால் கழி, மணல்திட்டு, அதற்கப்பால் கடல், மூன்றும் மூன்று நீலத்தில். கீழே படகு வைத்திருந்த அண்ணன் ஐந்நூறு கேட்டார், துடுப்புப் படகுதான் என்று உறுதி சொன்னதால் ஏறினோம்.

அவருடைய அப்பாவும் படகில் வந்தார். எண்பதைத் தாண்டியவர், காது கொஞ்சம் மந்தம். கால்வாய்க்குள் திரும்பியதும் அவரே பேச ஆரம்பித்தார்.

"எங்கப்பாரு மரக்காணத்துலேர்ந்து மெட்ராஸுக்கு உப்பு ஏத்திக்கினு போவாரு. காத்து இருந்தா பாய் கட்டுவாங்க. காத்து இல்லன்னா கரையில எறங்கி, தோள்ல கயிறு போட்டு இழுப்பாங்க. நானு சின்னப் பையன், படகுல குந்தியிருப்பேன். அப்பாரு முதுகுதான் தெரியும்."

"எவ்ளோ நாளாகும் தாத்தா?"

"அது காத்தைப் பொறுத்தது."

அறுபதுகளில் அடுத்தடுத்து வந்த புயல்களும் 1976-ஆம் வருஷத்துப் புயலும் கால்வாயைத் தூர்த்துவிட்டன. லாரி வந்துவிட்டது. அதோடு படகுப் போக்குவரத்து நின்றது. 2008-இல் இதைத் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவித்தார்கள். "கப்பல் வரும்னாங்க" என்றார் அண்ணன் துடுப்பை வலித்தபடி. எங்கள் படகே இரண்டு இடத்தில் தரை தட்டியது, அவர் இறங்கித் தள்ளினார்.

ஒரு வளைவில் பெரியவர் கையை நீட்டிக் காட்டினார். 2004 சுனாமியில் தண்ணீர் மணல்மேட்டைத் தாண்டி வந்து இந்தக் கால்வாய்க்குள் விழுந்ததாம். பாதித் தண்ணீர் வடக்கேயும் தெற்கேயும் ஓடிப்போயிற்றாம். "இது மட்டும் இல்லன்னா அந்தப் பக்கம் ஊருங்க இருக்காது." சொல்லிவிட்டுக் கையைத் தண்ணீரில் நனைத்து நெற்றியில் தொட்டுக்கொண்டார்.

கரையோரம் அலையாத்திச் செடிகள் இடுப்பளவு. வேரிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுக் குச்சிகள் சேற்றைக் குத்தி நிற்கின்றன. இலையைக் கிள்ளி நக்கிப் பார்க்கச் சொன்னார் அண்ணன். உப்பு! செடி குடித்த உப்பை இலை வழியாகக் கக்கிவிடுகிறது. அந்தக் குச்சிகளுக்கு நடுவே சிக்கியிருந்த பால் கவர்களையும் தெர்மாகோல் துண்டுகளையும் பற்றி யாரும் பேசவில்லை. நானும் அண்ணனும் கைக்கு எட்டியதைப் பொறுக்கிப் படகில் போட்டுக்கொண்டே வந்தோம். ஒரு சாக்கு நிறைந்தது.

ஜனவரி 21, செவ்வாய்: கழுவெளி, மரக்காணம்

நேற்றிரவே மரக்காணம் வந்துவிட்டோம். விடிவதற்கு முன் எழுந்து கழுவெளிக்குப் போனோம். பழவேற்காட்டுக்கு அடுத்தபடியாகத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று இதைச் சொல்வார்கள். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 5,000 ஹெக்டேருக்கு மேல். தெற்கே ஏரிகளின் மழைத்தண்ணீர் வந்து சேர, வடக்கே இடையன்திட்டு கழிமுகம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. ஒரே ஏரியில் ஒரு பக்கம் கோரையும் அல்லியும், மறு பக்கம் உமரியும் உப்பும்.

இருட்டில் முதலில் சத்தம்தான் வந்தது. ஆயிரக்கணக்கான ஊசிவால் வாத்துகள் தண்ணீரில் முணுமுணுக்கிற சத்தம், பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு எழுமே, அந்த மாதிரி. வெளிச்சம் வர வர உருவம் வந்தது. வடக்கே ரஷ்யா வரைக்கும் இருந்து பறந்து வருகிறவை. ஒரு நரி வரப்போரமாக எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது. நான் வாழ்நாளில் பார்த்த முதல் நரி. வாத்துகள் ஒரே வீச்சில் எழுந்தபோது காற்று முகத்தில் அடித்தது. உண்மையாகவே அடித்தது. சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ரொம்ப நேரம் பேசவில்லை.

பத்து மணிக்கு மரக்காணம் உப்பளம். மழைக்காலம் முழுக்க மூழ்கிக் கிடந்த பாத்திகள். இப்போதுதான் தண்ணீரை இறைத்து, சேற்றை மிதித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். ஆணும் பெண்ணுமாக ஆறு பேர், வரிசையாக, ஒரு குதிகால் இடைவெளி விடாமல், பாத்தியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மிதித்துப் போய்த் திரும்பி வருகிறார்கள். நாள் முழுக்க. பாத்தி தரையாக இறுகினால்தான் உப்பு வெள்ளையாக விளையும், இல்லையென்றால் மண் கலந்துவிடும். முதல் நாள் காலையில் பூநாரைகள் மிதித்ததைப் போலத்தான் இருந்தது, ஆனால் இவர்கள் பாதங்கள் வெடித்திருந்தன. முதல் உப்பு வாருவதற்கு இன்னும் வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இந்தக் கூலிதான். ஃபெஞ்சலில் போன முறை அம்பாரம் போட்டு வைத்திருந்த உப்பெல்லாம் கரைந்து போயிற்று என்றார்கள்.

வேலை நடுவில் கூழ் குடிக்க உட்கார்ந்தார்கள். எங்களையும் உட்கார வைத்தார்கள். தூக்குவாளி மூடியில் கேழ்வரகுக் கூழ், கடித்துக்கொள்ளச் சுட்ட கருவாடு. நாங்கள் உட்கார்ந்திருந்த வரப்பை ஒட்டியே கால்வாய். மெட்ராஸிலிருந்து வந்து இங்கே, ஒரு பெயர்ப்பலகைகூட இல்லாமல், உப்பளத்துக்குள் ஓடி ஓய்ந்துவிடுகிறது. ஒரு பவளக்காலி தன் நீண்ட சிவப்புக் கால்களால் அதன் மேல் நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் தெளிவாக இருந்தது, அடியில் கிடந்த கிளிஞ்சலை எண்ணலாம்.

கூழ் ஊற்றிய அம்மா, நாங்கள் கால்வாயைப் பார்க்கத்தான் வந்தோம் என்று கேட்டதும் ஆச்சரியப்பட்டார்.

"மெட்ராஸ்ல உங்க வூட்டாண்டயும் இதே கால்வாதானா?"

"இதேதாம்மா. வீட்டுக்குப் பின்னாடியே."

"அங்கயும் உப்பு வெளையுதா?"

"இல்லம்மா. அங்க கருப்பா இருக்கும். சாக்கடைய விட்டுட்டோம்."

அவர் கூழ்ப் பானையை மூடிவிட்டு, கால்வாய் வருகிற வடக்குப் பக்கமாகக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அது இங்க வந்துடாதே?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் மூடியில் மிச்சமிருந்த கூழைக் குடித்துவிட்டு, அதைக் கழுவிக் கொடுக்கத் தண்ணீரண்டை போனேன்.